இசைத்தட்டும் இஸ்லாமியத் தமிழ்ப் பாடலும்: காலம் தாழ்ந்த ஒரு கேட்டல்

நெய்வேலி நகரியத்தில் ஒருவர் ஓய்வு பெற்றுக் குடியிருப்பைக் காலி செய்யும் நாள், பரணில் கிடந்தவை எல்லாம் முற்றத்துக்கு வரும் நாளாகும். அவ்வாறு வெளிவந்த ஓர் அட்டைப் பெட்டியும் பழைய இசைத்தட்டுக் கருவியும் எனக்குக் கிடைத்தபோது நான் அறுபதை எட்டியிருந்தேன். ஒலிநாடா, குறுந்தகடு, கைப்பேசி மூன்றையும் கண்டு முடித்த பின் இசைத்தட்டுக்கு வந்து சேர்ந்தவன் என்பதால், என் கருத்தில் இளமை நினைவின் மயக்கம் கலந்திருக்க வாய்ப்பில்லை. புதிதாகப் பிறந்த பற்றின் மயக்கம் கலந்திருக்கலாம்.

இசைத்தட்டின் ஒலியே 'உண்மையான' ஒலி என்பார் கூற்றை முதலில் ஒதுக்கிவிடுவோம். அமெரிக்காவில் 2022இல் குறுந்தகடுகளைவிட வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் கூடுதலாக விற்றதற்கு அக்கூற்றும் ஒரு காரணம். நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டு, குரலின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் நறுக்கிவிடுகிறது. 1948இல் வந்த நெடுந்தட்டு மிகத் தெளிவானதுதான். எனினும் ஊசி மையத்தை நெருங்க நெருங்க ஒலி சிதைகிறது. இவ்வூரின் நிலக்கரித் தூசு வேறு! துடைத்து முடிக்கும் முன்பே மீண்டும் படிகிறது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் தட்டு சிறிது தேய்கிறது. ஆகவே தட்டின் மதிப்பை ஒலித்தூய்மையில் தேடுவது வீண்.

அம்மதிப்பு பாடலின் வடிவத்தில் இருக்கிறது. பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் தாங்கும். குணங்குடி மஸ்தான் சாகிபின் கண்ணிகளைப் போல விரும்பிய மட்டும் நீட்டிப் பாடத்தக்க மரபிலிருந்து வந்த நம் பாடகர்கள் இந்த மூன்று நிமிடத்துக்குள் நின்றாக வேண்டியிருந்தது. நாகூர் இ.எம். ஹனீபா (1925–2015) இந்த நெருக்கடியில் தளர்ந்தவரல்லர், உயர்ந்தவர். ஆலாபனைக்கு இடமில்லாத இடத்தில் முதற்சொல்லையே உச்சியில் எடுக்கும் அவரது முறை, ஒலிபெருக்கி மேடைக்குப் பொருந்தியதைப் போலவே தட்டுக்கும் பொருந்திற்று. 'பாவமன்னிப்பு' (1961) படத்தில் டி.எம். சௌந்தரராசனோடு இணைந்து பாடிய பாடலில் அவர் குரல் நுழையும் இடத்தைக் கேட்டவர்கள் இதை உடன்படுவர். ஒலிநாடாக் காலத்தில் அரைமணி நேரத்தை நிரப்ப வேண்டிய தேவை வந்தபின் இசைக்கருவிகள் பெருகின, இடையிசை நீண்டது. பாடல்கள் கூடின, செறிவு குறைந்தது என்பதே என் மதிப்பீடு. மாறுபடுவோர் உண்டு.

கருவியைக் குறித்த மார்க்கத் தயக்கத்தையும் இங்கே மறைக்க வேண்டியதில்லை. 1899இல் பத்தாவியாவின் செய்யிது உஸ்மான், திருக்குர்ஆன் ஓதலை ஃபோனோகிராஃபில் பதிவதை மறுத்து எழுதினார். கேளிக்கைப் பொருளோடு இறைவேதம் கலப்பதா என்ற அச்சம் நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 1959இல் கெய்ரோவில் லபீப் அஸ்ஸயீத், ஓதல் முறைகள் வழக்கொழியக் கூடாதே என்ற கவலையால் முழுக் குர்ஆனையும் பதிவு செய்யும் திட்டத்தை முன்வைத்தார். மஹ்மூத் கலீல் அல்ஹுஸரியின் தர்த்தீல் 1961இல் தட்டுகளாக வெளிவந்தது. அறுபது ஆண்டுகளில் அதே கருவி ஐயத்துக்குரியதாக இருந்து காவல் பொருளாக மாறிவிட்டது. பாடலின் ஆகுமான தன்மை வேறு விவாதம். காப்பு பற்றிய வினா மட்டும் நம் பாடலுக்கும் பொருந்தும்.

நாம் எதைக் காத்தோம்? 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்ற பாடலை அறியாத தமிழர் அரிது. அதை எழுதியவர் ஆர். அப்துல் சலாம் என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? தட்டின் நடுவட்டத்தில் பாடகர் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும், பலவற்றில் கவிஞர் பெயரும் இருக்கும். பிரதியெடுத்த ஒலிநாடாக்களில் கவிஞர் பெயர் மறைந்தது. இன்று இணையத்தில் ஏற்றுவோர் கீறலொலியை நீக்குகின்றனர், தொடக்கத்தை வெட்டுகின்றனர், நடுவட்டத்தின் படத்தைச் சேர்ப்பதில்லை. 1902இல் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான் தட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே சொன்னார். அதனால் அவர் பெயரைப் பாடலிலிருந்து பிரிக்க இயலவில்லை. நம் கவிஞர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளில் எஞ்சியுள்ள தட்டுகளைத் திரட்ட முடியாவிட்டாலும், நடுவட்டங்களைப் படமெடுத்து எண்ணோடு பட்டியலிடுவது ஒரு கல்லூரித் தமிழ்த்துறையால் இயலாத செயலன்று. பழைய நூல்களோடு இசைத்தட்டுகளும் கைமாறிய சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபோது போனவை போயின. அரக்கு எளிதில் உடையும். வினைல் வெயிலில் வளையும்.

எனக்கு வந்த பெட்டியில் ஒரு தட்டின் நடுவட்டத்தாளைக் கரையான் அரித்திருக்கிறது. பளபளப்பான உள்வளையத்தில் பொறித்த எண்ணை உருப்பெருக்கியால் படித்துக் குறித்துக்கொண்டேன். நபிபுகழ்ப் பாடல் அது. பாடுபவர் யாரென்று குரலே சொல்கிறது. எழுதியவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.