பரிவர்த்தனைத் திரையும் அதன் பொருள்கோளும்

கிரிப்டோ நாணயப் பரிவர்த்தனை நிலையங்களின் கைத்தொலைபேசிச் செயலிகளைக் கையாளும் முறையை விளக்கும் கைந்நூல்களும் காணொளி விரிவுரைகளும் அண்மைக் காலத்தில் மிகப் பெருகியுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை ஒரே நெறியைப் பின்பற்றுவன. திரையின் ஒவ்வோர் உறுப்பையும் சுட்டி, இது விலை, இது மெழுகுதிரி வரைபு, இது கட்டளைப் புத்தகம், இது வாங்கும் பொத்தான் எனப் பெயர் கூறி, அப்பெயர்களை அறிந்தவன் திரையை அறிந்தவனாவான் என்னும் துணிபுடன் முடிவன. நிகண்டு கற்றவன் செய்யுளை உணர்ந்தவனாவான் என நமது உரையாசிரியர் எவரும் கொண்டதில்லை. சொற்பொருள் விளங்கிய பின்னரும் பொருள்கோள் என ஒன்று எஞ்சி நிற்கும். சொற்கள் எம்முறையில் இயைகின்றன, கூறுவோன் யார், கேட்போன் யார் என்னும் வினாக்கள் எழும். அத்திரையை ஒரு பனுவலாகக் கொண்டு அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழாராய்ச்சி ஏட்டில் இதற்கு இடம் யாது எனச் சிலர் வினவக்கூடும். மதுரைக்காஞ்சியின் அங்காடி வருணனையை அடிதோறும் ஆராயும் நாம், நம் காலத்து இளைஞர் நாளிற் பலமுறை நோக்கும் அங்காடியின் முகத்தை ஆராயாது விடுவதற்கும் காரணம் கூறவேண்டியவராவோம்.

முதற்கண் வரைபினை நோக்கலாம். மெழுகுதிரி வடிவிலான விலைக்குறிப்பு யப்பானிய வணிக மரபிலிருந்து வந்தது. ஒசாக்காவின் டோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730இல் ஷோகுன் ஆட்சி அங்கீகாரம் அளித்தது. அக்காலத்து அரிசி வணிகரான ஹொம்மா முனேஹிசாவே இம்முறையைத் தோற்றுவித்தவர் எனக் கைந்நூல்கள் ஒருமுகமாகக் கூறும். இக்கூற்றுக்கு வலுவான சான்று காட்டுவாரைக் காண்பதரிது; ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றொருவர் எழுதியதாகவே தோன்றுகின்றது. ஆங்கிலம் வாசிப்போரிடையே இம்முறை பரவுவதற்கு ஸ்ரீவ் நிசன் 1991இல் வெளியிட்ட நூல் பெரிதும் காரணமாயிற்று. ஒவ்வொரு திரியும் குறித்ததொரு காலக்கூற்றின் தொடக்கவிலை, முடிவுவிலை, உச்சவிலை, தாழ்விலை ஆகிய நான்கினைக் கூறும். திரியின் உடல் முன்னிரண்டையும், அதன் மேலும் கீழும் நீளும் கோடு பின்னிரண்டையும் காட்டும். கைந்நூல் இவ்வளவில் நின்றுவிடும். ஆயின், உச்சம் முந்தியதா தாழ்வு முந்தியதா என்பதைத் திரி கூறுவதில்லை. வடிவில் வேறுபாடற்ற இரு திரிகள் நேர்மாறான இரு வரலாறுகளைத் தம்முள் அடக்கியிருத்தல் கூடும். வரலாற்றின் முக்கிய கூறாகிய முறைமை இங்கு மறைக்கப்படுகின்றது.

தொடக்கம், முடிவு என்னும் சொற்கள் காலையில் திறந்து மாலையில் மூடும் சந்தைக்கு உரியவை. நாளங்காடியும் அல்லங்காடியும் ஒன்றாகிவிட்ட இச்சந்தைக்குத் திறப்புமில்லை, மூடலுமில்லை. பைனான்ஸ் நிலையத்தின் நாட்திரி சர்வதேசப் பொது நேரப்படி நள்ளிரவில் முடிவதென வகுக்கப்பட்டுள்ளது. இலங்கையில் அப்பொழுது காலை 5.30 மணி. திரையின் மேற்பகுதியிற் காணப்படும் 24 மணிநேர மாற்றமோ, நோக்கும் கணத்திலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது. எனவே நாட்திரி சிவப்பாகவும் 24 மணிநேர மாற்றம் பச்சையாகவும் ஒரே திரையில் ஒரே வேளையில் நிற்றல் கூடும். இரண்டும் பொய்யல்ல. பயில்வோன் இதனைத் தனது அறியாமை எனக் கருதி மயங்குவதே வருந்தத்தக்கது. நிறமும் இவ்வாறு வழக்குப் பற்றியதே. சீனத்திலும் யப்பானிலும் ஏற்றத்தைக் குறிப்பது சிவப்பு. இது பற்றியே சில செயலிகள் நிறங்களை மாற்றியமைக்கும் வசதியையும் அளிக்கின்றன.

கட்டளைப் புத்தகம் எனப்படும் பகுதியே இப்பனுவலில் மிகுந்த கவனத்துக்குரியது. பெரும்பாலான செயலிகளில் விற்போர் கோரும் விலைகள் சிவப்பில் மேலேயும், வாங்குவோர் கொடுக்க முன்வரும் விலைகள் பச்சையிற் கீழேயும் நிற்க, இறுதியாக நிகழ்ந்த பரிவர்த்தனையின் விலை நடுவிற் பெரிய எழுத்திற் காணப்படும். நன்னூலார் எண்வகைப் பொருள்கோள்களைக் கூறுவர். அவற்றுள் ஆற்றுநீர்ப் பொருள்கோளாக இப்பகுதியை வாசித்தல் இயலாது. கீழ்ப்பாதியை மேலிருந்து கீழாகவும், மேற்பாதியை ஈற்றிலிருந்து தொடங்கி மேல்நோக்கியும் கொள்ளல் வேண்டும். வளையில் தலைகீழாக நுழையும் பாம்பினை உவமித்த அளைமறிபாப்பு ஒருபுடை நினைவுக்கு வருகின்றது. நடுவிலுள்ள பெரிய எண் கடந்த காலத்துக்குரியது. அவ்விலையில் எவரோ ஒருவர் வாங்கிவிட்டார். அவ்விலையில் நாமும் வாங்கலாம் என்பது அதன் பொருளன்று. மேலும் கீழும் உள்ளவை எதிர்காலத்துக்குரியவை. நிகழ்ந்தவற்றின் பதிவல்ல, எண்ணங்களின் அறிவிப்பு. எழுதியவர் எக்கணமும் அவற்றை அழித்துவிடலாம். பிறரை மயக்கும் பொருட்டு இட்டு அழிக்கப்படும் கட்டளைகளும் உள. புத்தகம் என்னும் பெயர் தரும் உறுதிப்பாடு அதன் உள்ளடக்கத்தில் இல்லை.

இதன் விளைவினை 2017 யூன் 21இல் கொயின்பேஸ் நிறுவனத்தின் ஜிடக்ஸ் நிலையத்தில் நிகழ்ந்ததொன்று தெளிவுறுத்தும். அன்று ஈதர் நாணயம் 317 டொலரளவில் விலைப்பட்டுக்கொண்டிருந்தது. பல மில்லியன் டொலர் பெறுமதியான விற்பனைக் கட்டளையொன்று, விலைக்கு எல்லை விதியாது, சந்தைவிலைக்கே இடப்பட்டது. வாங்குவோரின் வரிசை அதனைத் தாங்கவில்லை. அக்கட்டளை ஒவ்வொரு விலைப்படியையும் விழுங்கிக்கொண்டு 224 டொலர் வரை இறங்கிற்று. அவ்வீழ்ச்சி ஏறத்தாழ 800 நட்டத்தடுப்புக் கட்டளைகளையும் கடன்பட்டு வாங்கியோரின் கட்டாய விற்பனைகளையும் தூண்டவே, விலை ஒரு கணம் 10 சதத்தைத் தொட்டது. நட்டத்தைத் தடுக்கும் எனக் கைந்நூல்கள் போதித்த கருவியே நட்டத்தைப் பெருக்கும் கருவியாயிற்று. சிறிது நேரத்தில் விலை மீண்டது, விற்கப்பட்டோர் மீளவில்லை. நிறுவனம் பின்னர் தன் நிதியிலிருந்து அவர்களுக்கு ஈடு செய்தது. அது அந்நிறுவனத்தின் தீர்மானமேயன்றித் திரையிற் கூறப்பட்ட உரிமையன்று. சந்தைக் கட்டளைக்கும் எல்லைக் கட்டளைக்கும் உள்ள வேறுபாட்டை இரு வரிகளில் கூறிச் செல்லும் கைந்நூலாசிரியர்கள் இந்நிகழ்ச்சியை விரித்துரைத்திருப்பின் பெரும்பயன் விளைந்திருக்கும்.

பரிவர்த்தனையின் கனவளவைக் காட்டும் எண்ணும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. பிற்வைஸ் நிறுவனம் 2019 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்காவின் பிணையங்கள் ஆணைக்குழுவுக்குச் சமர்ப்பித்த ஆய்வு, அக்காலத்தில் அறிவிக்கப்பட்ட பிற்கொயின் பரிவர்த்தனையில் 95 சதவீதமளவு போலியானதென வாதிட்டது. அந்நிறுவனமும் தன் நலன் கருதியே அதனைக் கூறிற்று என்பதை மறத்தலாகாது. ஆயினும் கூறுவோன் யார் என்னும் வினாவின் இன்றியமையாமையை இது உணர்த்தும்.

அவ்வினாவை இனி நேராகவே எழுப்பலாம். இத்திரையின் ஆசிரியன் பரிவர்த்தனை நிலையமே. வாங்குபவன் வெல்லினும் தோற்பினும் அதற்குக் கட்டணம் கிட்டும். பைனான்ஸ் நிலையத்தின் அடிப்படைக் கட்டணம் ஒரு பரிவர்த்தனைக்கு 0.1 சதவீதம். சிறுதொகையே, ஆயினும் ஒரே பணத்தை நாளுக்கு ஐந்து முறை வாங்கி விற்பவன் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரு சதவீதத்தை இழப்பான். வாளாவிருப்பவனால் நிலையத்துக்கு வருவாயில்லை. திரையில் ஏவல் வினை இரண்டே உள: வாங்கு, வில். காத்திருத்தலைக் குறிக்கும் பொத்தான் இல்லை. கையிருப்பில் 25, 50, 75, 100 சதவீதம் என வகுத்த அளவுக்கோடோ, எவ்வளவு இடலாம் என்னும் வினாவைச் சிந்தனையிலிருந்து விரலுக்கு மாற்றிவிடுகின்றது. எதிர்கால ஒப்பந்தத் திரையில் இவ்வியல்பு மேலும் முனைப்புறும். 2019 ஒக்ரோபரிற் பைனான்ஸ் 125 மடங்கு வரை கடன்பலத்தை அனுமதித்தது. 100 டொலர் உடையவன் 12,500 டொலருக்கு நிலையெடுக்கலாம், விலை 0.8 சதவீதம் எதிர்த்திசையில் நகர்ந்தால் அந்த 100 டொலரும் ஒழியும். 2021 யூலையிற் புதிய கணக்குகளுக்கு இவ்வெல்லை 20 மடங்காகக் குறைக்கப்பட்டது. அப்பொழுதும் 5 சதவீத அசைவு போதுமானது. பிற்கொயின் ஒரே நாளில் 5 சதவீதம் அசைதல் அரிய நிகழ்ச்சியன்று.

2025 ஒக்ரோபர் 10இல் ஒரே நாளில் 19 பில்லியன் டொலருக்கு மேற்பட்ட கடன்நிலைகள் கட்டாயமாகத் தீர்க்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. அன்று பைனான்ஸ் செயலியிற் சில நாணயங்களின் விலை பூச்சியம் எனக் காட்டப்பட்டது. உண்மை விலை பூச்சியமன்று, தசம இடங்களைக் குறைத்தமையால் நேர்ந்த காட்சிப் பிழையே எனப் பின்னர் விளக்கம் அளிக்கப்பட்டது. விளக்கம் ஏற்புடையதாகலாம். ஆனால் திரை சந்தையின் கண்ணாடி என்போருக்கு இதனினும் மேலான மறுப்புத் தேவையில்லை. கண்ணாடி தசம இடங்களைத் தீர்மானிப்பதில்லை.

மறுதரப்பில் நியாயம் இல்லாமலில்லை. முன்னர் தரகர்களின் மேசைகளில் மட்டும் கிடந்த கட்டளைப் புத்தகம் இன்று எவரும் காணத்தக்கதாயிருத்தல் ஒருவகைச் சனநாயகப்பாடே. அறிவைச் சிலருக்கே உரியதாக்கிய நிலை மாறுவதை நாம் எதிர்த்தல் ஆகாது. ஆயினும் தரகனுக்கு மூலதனமும், பயிற்சியும், முறையிடுவதற்கொரு மன்றமும் இருந்தன. இலங்கை மத்திய வங்கி 2021இல் விடுத்த அறிவித்தல், மெய்நிகர் நாணயத் தொழிற்பாடுகளுக்கு எந்நிறுவனத்துக்கும் தான் உரிமம் வழங்கவில்லை எனவும், அத்தகைய கொடுப்பனவுகளுக்குக் கடனட்டைகளையும் பற்று அட்டைகளையும் பயன்படுத்த அனுமதியில்லை எனவும் கூறிற்று. அக்காலத்திற் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இச்செயலியைத் திறந்தவன், நியூயோர்க் தரகன் கண்ட அதே நிறங்களைக் கண்டான். அவனுடைய பாதுகாப்பு எதனையும் பெற்றானில்லை.

இறுதியாக, கைந்நூல்கள் விளக்கந் தேவையில்லை எனக் கருதும் உறுப்பொன்று உண்டு. அது கையிருப்பு. பிற்கொயினை அறிமுகப்படுத்திய 2008ஆம் ஆண்டின் கட்டுரை, நம்பிக்கைக்குரிய இடையாள் எவருமின்றிப் பணம் கைமாறும் முறையொன்றை முன்மொழிந்தது. பரிவர்த்தனைச் செயலியில் நாம் வாங்கும் பிற்கொயின் அப்பொதுப் பேரேட்டில் நம் பெயரில் எழுதப்படுவதில்லை. நிலையம் தன் உட்பேரேட்டில் ஓர் எண்ணை மாற்றுகின்றது, அவ்வளவே. எந்த இடையாளை ஒழிக்கவென இந்நாணயம் தோன்றிற்றோ, அவ்விடையாளின் வாக்குறுதியையே திரை உடைமை எனக் கூறுகின்றது. கணக்கியலார் இதனை நிலையத்தின் பொறுப்பு என்பர். வாடிக்கையாளரைக் கடன்கொடுத்தோர் என்பர்.

எஃப்.ரி.எக்ஸ். நிலையம் 2022 நவம்பர் 8இல் மீளப்பெறுதலை நிறுத்தி, 11ஆந் திகதி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியபோது இவ்வேறுபாடு வெளிப்பட்டது. வாடிக்கையாளரின் ஏறத்தாழ 8 பில்லியன் டொலர் அங்கு இருக்கவில்லை. நிறுவுநர் சாம் பாங்க்மன்-பிறைட் 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். திரையில் ஒரு பிற்கொயின் எனக் கண்டவனுக்கு உரியது யாது என்பதைத் தெலவெயர் நீதிமன்றம் தீர்மானித்தது: கோரிக்கை தாக்கலான நாளின் விலையாகிய 16,871 டொலரும் அதற்கான வட்டியும். 2025 பெப்ரவரியிற் கொடுப்பனவு தொடங்கியபோது ஒரு பிற்கொயினின் சந்தைவிலை 90,000 டொலரைக் கடந்திருந்தது.