வேண்டாம் என்ற அதிகாரம்

1936 ஜூலை 20 அன்று ஸ்பெயினின் பார்சலோனாவில், குடியரசுக்கு எதிரான ராணுவக் கலகம் அடங்கியது. தெருவில் தடுப்பரண் போட்டு அதை முறியடித்ததில் பெரும்பங்கு சி.என்.டி. என்ற அரசின்மைவாதத் தொழிற்சங்கத்துடையது. துப்பாக்கியும் கையுமாக வந்த அதன் தலைவர்களைக் கட்டலோனிய அரசின் தலைவர் லூயிஸ் கம்பனிஸ் வரவேற்றார். நகரம் உங்கள் கையில், வேண்டாமென்றால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதாக, அந்தத் தலைவர்களில் ஒருவரான கார்சியா ஒலிவர் பின்னாளில் எழுதினார். அரசே கூடாது என்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவந்த இயக்கத்தின் மடியில் அரசு தானாக வந்து விழுந்தது. அவர்கள் அதை எடுக்கவும் இல்லை, உடைக்கவும் இல்லை. கம்பனிஸே இருக்கட்டும் என்று விட்டார்கள்.

('அராஜகம்' என்றால் அடாவடி என்றே நம் செய்தித்தாள்கள் பழக்கிவிட்டன. அதனால்தான் 'அரசின்மைவாதம்' என்கிறேன்.)

நோயைக் கண்டுபிடிப்பதில் இந்தக் கோட்பாட்டுக்கு நிகர் இல்லை. சொத்து பொதுவாக வேண்டும் என்பதில் அரசின்மைவாதத்தின் முன்னோடியான பக்கூனினுக்கும் மார்க்ஸுக்கும் பெரிய வழக்கு இல்லை. தொழிலாளர் பெயரால் அரசைப் பிடிப்பவன் நாற்காலியில் அமர்ந்த மறுநாளே தொழிலாளியாக இருக்கமாட்டான் என்பதுதான் பக்கூனினின் வாதம். 1872 ஹேக் மாநாட்டில் அவரைத் தொழிலாளர்களின் சர்வதேச அமைப்பான அகிலத்திலிருந்து வெளியேற்றினார்கள். அவர் சொன்னது பின்னர் ரஷ்யாவில் பலித்தது. 1921 மார்ச்சில் கிரான்ஸ்டாட் கடற்படையினர் சோவியத்துகளுக்கு ரகசிய வாக்கெடுப்பில் புதுத் தேர்தல் கேட்டபோது, லெனின் அரசின் செஞ்சேனை உறைந்த கடலைக் கடந்து வந்து அவர்களை நசுக்கியது. பெட்ரோகிராடில் இருந்து இதைக் கண்ட அரசின்மைவாதி எம்மா கோல்ட்மன் அந்த ஆண்டு முடிவதற்குள் ரஷ்யாவை விட்டே போனார். சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யாவும் இதே திசையில் நடந்தவர்தான். 1920இல் தாஷ்கண்டில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவர், உடன் தொடங்கிய எம்.என். ராயுடன் முரண்பட்டு, பின்னர் பெர்லினில் அரசின்மைவாதி ஆனார்.

சரி, மருந்து?

பார்சலோனாவில் சில மாதங்களுக்கு அது வேலை செய்தது. முதலாளிகள் ஓடிப்போன நகரத்தில் டிராம்களைத் தொழிலாளர் குழுக்களே ஓட்டின. ஆலைகளையும் அவையே நடத்தின. அரகோன் கிராமங்கள் பலவற்றில் நிலம் பொதுவானது; சில ஊர்களில் பணமே ஒழிந்து சீட்டு புழங்கியது. மேலிருந்து உத்தரவு வராவிட்டால் எதுவும் நகராது என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஆனால் அந்தக் கிராமங்களில் எல்லோரும் விரும்பிச் சேரவில்லை. தொண்டர்படையின் துப்பாக்கி ஊர் எல்லையில் நிற்கும்போது, விருப்பம் என்ற சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு? ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், குடியரசுப் பகுதியில் 6,000க்கும் மேற்பட்ட பாதிரியார்களும் துறவியரும் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் அரசின்மைவாதிகளும் உண்டு. நீதிமன்றமும் இல்லை, முறையீடும் இல்லை. அதிகாரத்தை வேண்டாம் என்றவர்களிடம் அதிகாரம் இருந்தது. அதைக் கட்டிப்போடும் விதிதான் இல்லை. இயக்கத்தின் மிகப் பெரிய ஓட்டை இது என்றே நினைக்கிறேன். சங்கத்துக்குள் நிர்வாகியைத் தட்டிக்கேட்க, திரும்ப அழைக்க அருமையான வழக்கங்களை வளர்த்தவர்கள், சங்கத்துக்கு வெளியே இருப்பவனின் உரிமைக்கு எதையும் யோசித்து வைக்கவில்லை.

போர்க்காலம், வேறு வழியில்லை என்று அவர்கள் தரப்பில் சொல்வதுண்டு. உண்மைதான், கலகத் தளபதி பிராங்கோவின் படை நெருங்கிக்கொண்டிருந்தது. கிரான்ஸ்டாடுக்கு லெனின் தரப்பு சொன்ன சமாதானமும் ஏறத்தாழ இதுதான். ஒருவரிடம் ஏற்காத சாக்கை மற்றவரிடம் எப்படி ஏற்பது?

1936 நவம்பரில் சி.என்.டி.யினர் நால்வர் மத்திய அமைச்சரவையில் சேர்ந்தார்கள். கார்சியா ஒலிவர் நீதி அமைச்சர். பெதெரிகா மொன்செனி சுகாதார அமைச்சர். குற்றவாளிகளின் பழைய பதிவேடுகளை ஒழித்த அதே ஒலிவர், பிராங்கோ ஆதரவுக் கைதிகளுக்கு உழைப்பு முகாம்களையும் திறந்தார். பிடிக்காத அரசை அரைமனதோடு நடத்தியதில் இரண்டு நஷ்டம்: கொள்கையும் போயிற்று, பிடியும் கிடைக்கவில்லை. முழுமனதோடு பிடித்திருந்தால் பக்கூனின் சொன்ன நாற்காலிக்காரர்களாக இவர்களே ஆகியிருப்பார்கள். அந்த வாதத்தை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் கம்பனிஸை விட்டுவைத்த இடத்தில் தொழிலாளர் குழுக்களின் கூட்டமைப்பைத் தேர்தலோடும் சட்டத்தோடும் நிறுத்தியிருக்கலாம். அந்த மூன்றாவது வழியை அவர்கள் சோதிக்கவே இல்லை.

1937 மே 3 அன்று, சி.என்.டி. ஆட்கள் கையிலிருந்த பார்சலோனாத் தொலைபேசி நிலையத்தைப் பிடிக்கக் கட்டலோனிய அரசின் காவல்படை வந்தது. மறுபடியும் தெருவில் தடுப்பரண்கள். ஆயுதத்தைக் கீழே போடுங்கள் என்று வானொலியில் தம் தோழர்களிடம் மன்றாடியவர்களில் இருவர், ஒலிவரும் மொன்செனியும்.