பாட்டில்லாத படத்துக்கு யார் சாட்சி?

மதுரை தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்குத் திறந்தபோது அங்கே திரையிட்ட முதல் படம் 'பராசக்தி'. கூட்டத்தில் இடிபட்டு, கண்ணாடி வளையல் நொறுங்கி, அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் என் அம்மாவும் ஒருவர். தமிழில் அதற்கு மேல் ஒரு படம் கிடையாது என்பது கடைசிவரை அவர் தீர்ப்பு. நான் அதே படத்தைப் பல ஆண்டுகள் கழித்துத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பெட்டியின் அளவு ஒரு முறம், நடுநடுவே விளம்பரம். என் வரிசையில் 'பராசக்தி' பத்துக்கும் வெளியே இருந்தது. இதைச் சொன்ன நாளில் அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, "நீ பார்த்தது அந்தப் படமே இல்லைடா" என்றார். அன்று அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். பழைய படங்களை வரிசைப்படுத்தும் பழக்கத்தைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் என்னிடம் சொன்னதில்லை என்று இப்போது தோன்றுகிறது.

டீக்கடையிலிருந்து இலக்கியப் பத்திரிகைவரை தமிழர்கள் ஓயாமல் செய்யும் வேலை இது. எது பெரிய படம், எது அதற்கு அடுத்தது, சிவாஜியின் சிறந்த பத்து, மகேந்திரனா பாரதிராஜாவா. இதை வெட்டிப்பேச்சு என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்க்கும்போதுதான் இரண்டும் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன.

'பராசக்தி'யையே எடுத்துக்கொள்வோம். அதற்குப் பக்கத்தில் 1954 தமிழ்ப் புத்தாண்டுக்கு வந்த 'அந்த நாள்' படத்தை வையுங்கள். இரண்டுக்கும் இடையே ஒன்றரை ஆண்டுதான். இரண்டிலும் சிவாஜி கணேசன், இரண்டிலும் பண்டரிபாய். இரண்டுக்கும் ஒளிப்பதிவு எஸ். மாருதி ராவ். இரண்டும் ஏவி.எம். வளாகத்தோடு தொடர்புள்ளவை. இரண்டின் கதைக்குப் பின்னாலும் உலகப்போர் இருக்கிறது: ஒன்றில் ரங்கூனிலிருந்து அகதிகள் நடந்து வருகிறார்கள், மற்றதில் சென்னைமேல் ஜப்பானியக் குண்டு விழுகிறது. இத்தனை பொதுவாக இருந்தும் இரண்டு படங்களின் உயிரும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது.

'பராசக்தி' பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்திலிருந்து வந்த படம். மு. கருணாநிதியின் வசனம்தான் அதன் முதுகெலும்பு. நீதிமன்றக் காட்சியில் கேமரா பெரும்பாலும் சிவாஜியின் குணசேகரன் பேசுவதற்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கிறது. 'அந்த நாள்' படத்திலோ சிவாஜியின் ராஜன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறான். தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், காதலி, மனைவி என்று ஆளுக்கொரு ராஜனை நமக்குக் காட்டுகிறார்கள். மாருதி ராவின் கேமரா அங்கே தரையோடு தாழ்கிறது, முகத்தில் பாதியை இருட்டில் விடுகிறது. ஒரே ஒளிப்பதிவாளரின் கைதான். ஒரு படத்தில் சொல்லுக்கு வழிவிட்டது, மற்றதில் தானே பேசியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் இதை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

நடிப்பும் அப்படித்தான். சிவாஜியை 'மிகை நடிப்பு' என்ற ஒரே சொல்லில் முடிக்கும் இளைஞர்களைப் பார்க்கிறேன். அவர்கள் அளவுகோல் 1980-களுக்குப் பிறகு வந்த அடங்கிய நடிப்பு. நாடகக் கம்பெனியில் கடைசி வரிசைவரை குரல் எட்டவேண்டும் என்று பழகிய உடம்பு அது. குணசேகரன் எழுந்து நின்று ஊரையே பார்த்துப் பேசுகிறவன், அவனுக்கு அந்தக் குரல் வேண்டும். அதே நடிகர் 'அந்த நாள்' படத்தில் கண் இமையையும் உதட்டோரத்தையும் மட்டும் வைத்து ஒரு துரோகியைக் கொண்டுவந்துவிட்டார். கதாநாயகன் நாட்டைக் காட்டிக்கொடுக்கிறவன் என்ற துணிச்சல் 1954-இல்! ஒப்பீடு இல்லாவிட்டால் ஒருவர் கையில் இரண்டு நடிப்பு இருந்தது என்பதே தெரியாமல் போயிருக்கும்.

இதுவரை ஒப்பிடுவதன் பலம். எது மேலே, எது கீழே என்று எண் போடும்போது என் கை தடுமாறத் தொடங்குகிறது.

'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது. இயக்கிய எஸ். பாலசந்தர் பின்னாளில் வீணைக் கலைஞராக உலகம் சுற்றியவர் என்பதை நினைத்தால் இது இன்னும் வியப்பு. முதல் வெளியீட்டில் படம் ஓடவில்லை. தமிழ்நாட்டில் ஒரு பழைய படம் எதைப் பற்றிக்கொண்டு உயிர்வாழ்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் பாட்டைத்தான். இலங்கை வானொலியில் காலையும் மாலையும் ஒலித்த பாட்டு, கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கி, வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்'. படப்பெட்டி துருப்பிடித்துக் கிடந்த காலத்திலும் படத்தின் பெயரைப் பாட்டு ஊர் ஊராகச் சுமந்து போனது. 1978 தீபாவளிக்கு வந்து கூட்டம் சேராமல் போன ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' படத்தின் பாட்டுகளை முணுமுணுக்கும் எத்தனையோ பேர் படத்தைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்தப் பெயர் அவர்களுக்குத் தெரியும்.

பாட்டில்லாத படத்துக்கு இந்த வண்டி கிடையாது. 'அந்த நாள்' இன்றைக்கும் பேசப்படுகிறது என்றால், முதல் காரணம் விமரிசகர்களும் சினிமாப் பைத்தியங்களும் அதைத் தங்கள் பட்டியலிலிருந்து எடுக்க மறுத்ததுதான். பாலு மகேந்திராவின் 'வீடு' படத்துக்கும் இதையே சொல்வேன். மற்றப் படங்களுக்குப் பாட்டு செய்ததை இவற்றுக்குப் பட்டியல் செய்தது. இந்த ஒரு தொண்டுக்காகவே வரிசைப்படுத்தும் பழக்கத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாட்டு பொய்ச்சாட்சியும் சொல்லும். எங்கள் தலைமுறையின் 'சிறந்த பழைய படங்கள்' பட்டியலைக் கையில் எடுத்து, ஒவ்வொன்றிலும் பாட்டை நீக்கிவிட்டு மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். பாதிப் படங்களுக்கு இடைவேளைவரைகூட நகர வலுவில்லை. நாம் உயர்த்தி வைத்திருப்பது விஸ்வநாதன்-ராமமூர்த்தியையும் கண்ணதாசனையும். அந்த மதிப்பு படத்தை எடுத்தவர் கணக்கில் வரவாகிவிடுகிறது. படத்தில் பாட்டும் ஒரு பகுதிதானே என்று கேட்கலாம். ஆமாம். அந்தப் பாட்டு கதையின் எந்த இடத்தில், யார் வாயில், எதற்காக வந்தது என்று உடனே சொல்ல முடிந்தவர்களிடம் மட்டும் அந்த வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். ஆனந்த விகடன் தன் விமரிசனத்தின் கீழே நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டது. 1977-இல் 'பதினாறு வயதினிலே' படத்துக்கு 62.5. அடுத்த ஆண்டு 'முள்ளும் மலரும்' 61. அதற்கடுத்த ஆண்டு 'உதிரிப்பூக்கள்' 60. அந்தக் கண்டிப்பு நல்லதையே செய்தது. ஒரு தலைமுறைக்கு, சினிமா வெறுமனே பிடித்திருப்பது போதாது, தேறவேண்டும் என்ற எண்ணத்தைக் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் அந்த எண்களை மனப்பாடமாக வைத்திருந்தோம்.

அந்த மார்க்குகள் அந்தந்த வாரத்துக்கு, அந்தந்தப் படத்தைப் பார்த்து வெளிவந்த சூட்டில் போடப்பட்டவை. பிறகு நாம்தான் மூன்று ஆண்டின் மூன்று எண்களை ஒரே கயிற்றில் கட்டி, 'பதினாறு வயதினிலே' உதிரிப்பூக்களைவிட இரண்டரை மார்க் உசத்தி என்று பேசத் தொடங்கினோம். என் வரிசையில் இது தலைகீழ். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

'பதினாறு வயதினிலே' கதவைத் திறந்த படம். ஸ்டூடியோவின் அட்டைக் குடிசையை விட்டு, நிவாஸின் கேமரா வெயிலுக்கும் புழுதிக்கும் போனது. தமிழ்க் கிராமத்தின் முகம் என்று நாம் கொண்டாடுகிற அந்த வெளிகளில் பெரும்பகுதி கர்நாடகத்து மண் என்பது வேறு விஷயம். சப்பாணியும் பரட்டையும் மயிலும் அதற்கு முன் நம் திரையில் இல்லாத மனிதர்கள். ஆனாலும் இன்று பார்க்கும்போது நகரத்து டாக்டர் வரும் காட்சிகள் தொய்கின்றன. மெதுவாக்கப்பட்ட ஓட்டங்கள் அன்றைக்குத் தந்த கிளர்ச்சியைத் தருவதில்லை.

'உதிரிப்பூக்கள்' அப்படி எங்கேயும் பழையதாகவில்லை. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு விதையை மட்டும் எடுத்துக்கொண்டு மகேந்திரன் வளர்த்த கதை. விஜயனின் சுந்தரவடிவேலு குரலை உயர்த்தாத கொடியவன். அவன் மனைவி லட்சுமி வீட்டுக்குள் நடக்கும் விதத்திலேயே அந்தத் தாம்பத்தியம் முழுவதும் இருக்கிறது. அசோக்குமாரின் ஒளி எதையும் அலங்கரிக்கவில்லை. இளையராஜா எங்கே பேசாமல் இருக்கவேண்டுமோ அங்கே பேசாமல் இருக்கிறார். கடைசியில் ஊரே கரையில் நின்று அவனை ஆற்றுக்குள் இறங்க வைக்கிறது. அத்தனை நாள் வெறுத்தவனுக்காக நம் தொண்டை அடைக்கிறது, கரையில் நிற்கும் அந்த இரண்டு குழந்தைகளால். இந்த முடிவுக்கு ஈடாக இன்னொன்றைத் தமிழில் நான் பார்க்கவில்லை.

நான் இங்கே இரண்டு காசுகளைக் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதலில் செய்ததற்கு ஒரு மதிப்பு, நன்றாகச் செய்ததற்கு வேறொரு மதிப்பு. பாரதிராஜா கதவைத் திறக்காவிட்டால் மகேந்திரனுக்குத் தயாரிப்பாளர் கிடைத்திருப்பாரா என்ற கேள்வி நியாயமானது. வரலாற்றுக் கணக்கில் அவர் படத்தை மேலே வைப்பவரை மறுக்க மாட்டேன். பெரும்பாலான பட்டியல்கள் எந்தக் காசில் எண்ணுகிறோம் என்பதைச் சொல்வதே இல்லை. ஒரு படத்தை வரலாற்றுக்காகச் சேர்த்து, அடுத்ததைக் கலைக்காக, அதற்கடுத்ததைத் தன் இளமை நினைவுக்காகச் சேர்த்துவிட்டு மூன்றுக்கும் ஒரே வரிசையில் எண் போட்டுவிடுகிறார்கள்.

உலகப் புகழ்பெற்ற பட்டியலும் இந்தக் குழப்பத்துக்குத் தப்பவில்லை. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை விமரிசகர்களிடம் வாக்கு வாங்குகிறது. முதல் தடவை 'பைசைக்கிள் தீவ்ஸ்' முதலிடம். அப்போது அந்தப் படத்துக்கு வயது நான்கு. 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்'. 2012-இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'. 2022-இல் ஷந்தால் ஆக்கர்மன் என்ற பெண் இயக்குநரின் 'ஜான் டீல்மன்'. ஒவ்வொருவரும் பத்துப் படங்களைத் தருகிறார்கள். பத்துக்கும் சம வாக்கு. 2012-இல் வாக்களித்த 846 பேரில் 'வெர்டிகோ'வைப் பத்துக்குள் குறிப்பிட்டவர்கள் 191 பேர். நான்கில் ஒருவர்கூட இல்லை. அவர்களிலும் எத்தனை பேர் அதை முதல் என்று நினைத்தார்கள் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. ஆனால் செய்தியாக வெளியே வரும்போது உலகத்தின் முதல் படம் என்ற கிரீடம் வந்துவிடுகிறது. 2005-இல் 'டைம்' இதழின் நூறு படங்களில் 'நாயகன்' இடம்பெற்றபோது நமக்கு வந்த பூரிப்பை நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு விமரிசகர்கள் தேர்ந்த பட்டியல் அது. அவர்கள் 'உதிரிப்பூக்கள்' பார்த்திருந்தார்களா என்று நாம் யாரும் கேட்கவில்லை.

பார்த்திருக்கிறோமா என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. நம் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' (1931), நடராஜ முதலியாரின் மௌனப்படம் 'கீசக வதம்' ஆகிய இரண்டுக்கும் இன்று ஒரு பிரதிகூட இல்லை. பிழைத்த படங்களையும் எந்தப் பிரதியில் பார்த்தோம் என்பது தீர்ப்பை மாற்றுகிறது. 1964-இன் 'கர்ணன்' வெளுத்துப்போன பிரதிகளில் எனக்கு நீண்ட நாடகமாகத்தான் தெரிந்தது. 2012-இல் வண்ணமும் ஒலியும் சீர்செய்து மறுபடி வந்தபோது அரங்கில் உட்கார்ந்து பார்த்தேன். என் பட்டியலில் அது பல படி ஏறியது. பந்துலு அதே படத்தைத்தான் எடுத்திருந்தார்.

நகைச்சுவைப் படங்களுக்கு நாம் செய்த அநியாயத்தையும் சொல்லியாகவேண்டும். 'சபாபதி' (1941) இன்றைக்கும் சிரிக்க வைக்கிறது. 'காதலிக்க நேரமில்லை' எந்த வயதுக்காரரையும் உட்கார வைக்கிறது. பட்டியல் எழுத உட்காரும்போது மட்டும் பேனா அழுகைப் படங்களை நோக்கிப் போய்விடுகிறது. என் பேனாவும் அப்படித்தான் போயிருக்கிறது.

அம்மா போன பிறகு 'பராசக்தி'யை மறுபடி ஒரு நல்ல பிரதியில், இருட்டறையில், நிறுத்தாமல் பார்த்தேன். நீதிமன்றக் காட்சியில் அவர் கேட்ட கைதட்டல் எனக்குக் கேட்கவில்லை. அது எந்தப் பிரதியிலும் பதிவாகவில்லை. 'அந்த நாள்' எனக்கு இன்னும் மேலேதான் இருக்கிறது. ஆனால் 'பராசக்தி' பத்துக்குள் வந்துவிட்டது.

பட்டியல் எழுதும் நோட்டில் இப்போது படத்தின் பெயருக்குப் பக்கத்தில் மூன்று விவரம் எழுதுகிறேன்: எந்த வயதில் பார்த்தேன், எதில் பார்த்தேன், கடைசியாக எப்போது பார்த்தேன். மூன்றாவது கட்டத்தில் இருபது ஆண்டுக்கு முந்தைய தேதி இருந்தால் எண் போடுவதில்லை. ஜெயகாந்தன் தானே இயக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' (1965) என்ற பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். தேசிய அளவில் மூன்றாவது சிறந்த படத்துக்கான சான்றிதழ் வாங்கிய படம். நாவலைப் பலமுறை படித்திருக்கிறேன். அந்தப் படத்தைத் திரையில் பார்த்த ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. அதற்குப் பக்கத்தில் மூன்று கட்டமும் காலியாக இருக்கின்றன.