முருங்கை மரத்து இணையாட்டம்

ஆட்டக்காரர் ஒருவரின் திறனை ஒரு நாள் எட்டிய உச்சத்தைக் கொண்டு அளப்பதா, ஆண்டுக்கணக்கில் களத்தில் நின்ற உறுதியைக் கொண்டு அளப்பதா என்பது விளையாட்டு அலசலில் தீராத வழக்கு. பழைய திகில் பத்திரிகைகளுக்கு எழுதியவர்களையும் வரைந்தவர்களையும் மதிப்பிடப் புகும்போதும் இதே வழக்கு எழுகிறது. படித்த இரவின் தூக்கத்தைக் கெடுத்த ஒரு கதை உச்சம் என்றால், மாதந்தோறும் அதே பிணத்தை அதே மரத்திலிருந்து இறக்கி, அதே தோளில் ஏற்றி, அதே சுடுகாட்டு வழியே நடக்கவிட்டும் வாசகருக்குச் சலிப்பு வராமல் காப்பது உறுதி. இந்த இரண்டாம் வகையில் 'அம்புலிமாமா' இதழின் விக்கிரமன்–வேதாளம் தொடருக்கு நிகரான ஆட்டத்தை உலகின் வேறெந்த மொழிப் பத்திரிகையிலும் காட்டுவது அரிது.

நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947இல் சென்னையில் தொடங்கிய 'சந்தமாமா' என்னும் தெலுங்கு இதழின் தமிழ் வடிவமே 'அம்புலிமாமா' ஆகும். இதைக் கண்டிப்பான பொருளில் காமிக்ஸ் என்று சொல்ல முடியாது. காமிக்ஸ் என்பது கட்டங்களாகப் பிரித்த படங்களுக்குள் உரையாடல் குமிழிகளை வைத்துக் கதையை நகர்த்தும் முறை, அம்புலிமாமாவிலோ பக்கத்தின் ஒரு பகுதியைப் படமும் மீதியை உரைநடையும் பங்கிட்டுக்கொண்டன. ஆயினும் எழுத்துக்குப் படம் வெறும் துணையாக நில்லாமல் கதையின் பாதிச் சுமையைத் தானே தாங்கியதால், தமிழ் வாசகர் நெஞ்சில் அது படக்கதைகளின் வரிசையிலேயே இடம்பிடித்தது.

இந்த அணியின் முக்கியமான ஆட்டக்காரர்களில் மூவர் 1952ஆம் ஆண்டிலேயே வந்து சேர்ந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. ஆசிரியர் பொறுப்பை ஏற்ற கொடவடிகண்டி குடும்பராவ், தொடர்கதைகளை எழுதிய தாசரி சுப்ரமணியம், ஓவியர் சங்கர் ஆகிய அம்மூவருள் சங்கர் தமிழர். 1924இல் பிறந்தவர், காரத்தொழுவு சந்திரசேகரன் சிவசங்கரன் என்னும் முழுப்பெயரின் முதற்சொல்லிலேயே கொங்கு நாட்டுச் சொந்த ஊரைத் தாங்கியவர். தேவிபிரசாத் ராய் சௌத்ரி தலைமை வகித்த சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, 'கலைமகள்' இதழில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின்னரே அவர் அம்புலிமாமாவுக்கு வந்தார். அங்கே தொடக்கம் முதலே வரைந்துவந்தவர் 'சித்ரா' என்று கையெழுத்திட்ட ராகவன். அவர் பள்ளி எதிலும் ஓவியம் படிக்காமல் தாமே கற்றுத் தேர்ந்தவர்.

வேதாளக் கதைகளின் மூலம் மிகப் பழையது. கி.பி. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் வடமொழியில் தொகுத்த 'கதாசரித்சாகரம்' என்னும் பெருநூலுக்குள் அவை ஒரு கிளையாக அடங்கியுள்ளன. வேதாளம் என்பது பிணத்துக்குள் புகுந்து அதைப் பேசவும் அசையவும் வைக்கும் ஆவி. வடமொழியில் அது தொங்கும் மரம் சிம்சுபா. தமிழ்நாட்டுக்கு வந்ததும் அது வீட்டுக் கொல்லையில் நிற்கும் முருங்கைக்கு இடம் மாறிவிட்டது. விட்ட பழக்கத்துக்கு மீண்டும் திரும்புபவரைப் பார்த்து வேதாளம் முருங்கை மரம் ஏறிவிட்டது என்று ஊர்ப்பெரியவர்கள் சொல்லும் அளவுக்கு அந்தக் கதை தமிழ்ப் பேச்சுக்குள் வேரூன்றியது. எளிதில் ஒடியும் கிளையை உடைய முருங்கையில் ஒரு பிணம் தொங்குவதாகக் கற்பித்ததும், நாள்தோறும் கீரை பறிக்கும் மரத்தையே இருட்டிய பின் அஞ்ச வைத்ததும் தமிழ்க் கற்பனையின் தனிச்சிறப்பாகும்.

இக்கதைகளின் வலிமை, விளையாட்டுக்குரிய விதி ஒன்று அவற்றின் அடியில் இருப்பதுதான். துறவி ஒருவருக்காகப் பிணத்தைச் சுமந்து செல்லும் மன்னன் விக்கிரமன் வாய் திறந்தால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். வேதாளம் கேட்கும் கேள்விக்கு விடை தெரிந்தும் பேசாதிருந்தால் அவன் தலை வெடித்துவிடும். பேசினால் முயற்சி வீண், பேசாவிட்டால் உயிர் வீண் என்னும் இந்த இருபுறப் பூட்டில் சிக்கிய மன்னன், அறிவுடையவனாக இருக்கும்வரை வெல்லவே முடியாது. மூலத்தில் இந்தச் சுற்று ஒரு கட்டத்தில் முடிகிறது. மன்னனுக்கு விடை தெரியாத கேள்வி வருகிறது, வேதாளம் மகிழ்ந்து, பிணத்தைக் கொண்டுவரச் சொன்ன துறவியின் வஞ்சகத்தை வெளியிட்டு மன்னனைக் காக்கிறது. அம்புலிமாமாவோ அந்த முடிவை எட்டவே இல்லை. மூலத்தில் இருந்த 25 கதைகள் தீர்ந்துபோன பின்னும் அதே சட்டகத்துக்குள் புதிய கதைகளை வைத்து ஆட்டம் நீட்டிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கில் பெருகிய அவற்றைத் தேர்ந்தும் திருத்தியும் ஒரே நடையில் நிறுத்தியவர் குடும்பராவ்.

தெனாலியில் 1909இல் பிறந்த குடும்பராவ் தெலுங்கு முற்போக்கு இலக்கியத்தின் முன்வரிசையில் நின்றவர். 1970இல் தோன்றிய புரட்சி எழுத்தாளர் சங்கத்திலும் பங்கு கொண்டவர். பேயை நம்பாத பகுத்தறிவாளர் ஒருவர் 1980இல் தாம் மறையும்வரை மாதந்தோறும் பேயின் வாயில் கதை வைத்தார் என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்தத் தொடரின் இயல்பு விளங்கும். வேதாளம் சொல்லும் கதைகளுக்குள் பெரும்பாலும் பேய் கிடையாது. வணிகன், அரசன், மருமகள், கஞ்சன், நன்றி மறந்தவன் என்று பகல் வெளிச்சத்து மனிதர்களே அவற்றில் நடமாடுகிறார்கள். இறுதியில் வருவதும் யார் செய்தது நியாயம், யார் செய்தது அநியாயம் என்னும் வழக்குமன்றக் கேள்விதான். எழுத்தாளர் கதையிலிருந்து அச்சத்தை ஏறக்குறைய முழுவதுமாக எடுத்துவிட்டார். அவர் எடுத்துக் கீழே வைத்த அச்சத்தைத் தனியாகத் தூக்கிச் சுமக்க வேண்டிய பொறுப்பு ஓவியருடையதாயிற்று.

அந்தப் பொறுப்பைச் சங்கர் எவ்வாறு நிறைவேற்றினார் என்பதை அறிய, தொடரின் முகப்பில் திரும்பத் திரும்ப வந்து நிலைத்துப்போன அந்தப் படத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும். உருவிய வாளுடன் மன்னன் நடக்கிறான். தோளில் பிணம் கிடக்கிறது. காலடியில் மண்டையோடுகளும் பாம்பும். சுற்றிலும் சுடுகாட்டின் இருள். இதில் கூர்ந்து நோக்க வேண்டியது மன்னனின் நடை. அச்சுறுத்தும் பொருள்கள் அனைத்தும் படத்தின் ஓரங்களிலும் தரையிலும் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, நடுவில் நிற்கும் உடல் மட்டும் ஓடவோ பதுங்கவோ செய்யாமல், சுமை தூக்கிப் பழகியவனின் சீரான அடிவைப்பில் முன்னேறுகிறது. உடற்கூறு அறிந்து வரையப் பயின்ற கையால்தான் இது இயலும். தோளில் ஒரு பிணத்தின் எடை இருக்கும்போது இடுப்பு எவ்வளவு வளையும், எந்தக் கால் ஊன்றும், வாளேந்திய கை எவ்வாறு அந்த எடையைச் சமன்செய்யும் என்பதெல்லாம் தெரியாத ஓவியர் வரைந்திருந்தால் பிணம் பஞ்சு மூட்டையாகத் தோன்றியிருக்கும். எடை உண்மையாக இருப்பதால் பேயும் உண்மையாகிவிடுகிறது. திகில் ஓவியத்தில் கோரைப்பல்லையும் சிவந்த கண்ணையும் விட இந்த எடையுணர்வே பெரிய திறன் என்பது இவ்வலசலின் துணிபு.

மற்றொரு நெருக்கடியும் சங்கருக்கு இருந்தது. தெலுங்கில் ஆயத்தமாகும் கதை தமிழ் உட்படப் பல மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்டபோது, ஒரே படம் எல்லாப் பதிப்புகளிலும் அச்சேறியது. ஆகவே எந்த மொழிக் குழந்தையும் தன் ஊர்ச் சுடுகாடாகவே எண்ணிக்கொள்ளும்படி ஒரு சுடுகாட்டை அவர் வரைய வேண்டியிருந்தது. வலையபட்டி போன்ற செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றில் அந்தப் படத்தைக் காணும் கண்ணை எண்ணிப் பார்க்கலாம். ஊர் எல்லையில் ஓங்கிய அரிவாளுடன் நிற்கும் கருப்பரையும், புரவி எடுப்பு விழாவில் வேளார்கள் சுட்ட மண்குதிரைகளைத் தோளில் தூக்கி ஐயனார் கோயிலுக்குக் கொண்டுசெல்லும் ஆட்களையும் அந்தக் கண் முன்பே அறியும். காவலுக்கு நிற்பதும் அச்சந்தரும் உருவமே, சுமப்பதும் வழிபாடே என்று பழகியவருக்கு, வாளும் பிணமுமாக நடக்கும் மன்னன் அயலானாகத் தோன்ற வழியில்லை. தமிழ்நாட்டில் இத்தொடர் ஆழ வேர்விட்டதற்கு இந்தக் கிராமத்துக் கண்ணும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

சங்கருக்கு வாய்த்த இணை குடும்பராவ் என்றால், சித்ராவுக்கு வாய்த்த இணை தாசரி சுப்ரமணியம். 'மகர தேவதா', 'முக்குரு மாந்திரிகுலு' (மூன்று மந்திரவாதிகள்), 'ராகாசி லோயா' (அரக்கியின் பள்ளத்தாக்கு) போன்ற தாசரியின் தொடர்கள் மந்திரவாதிகளும் விசித்திர விலங்குகளும் நிறைந்தவை. வேதாளத் தொடரில் இல்லாத நேரடித் திகில் இவற்றில் உண்டு. எழுத்தே அச்சத்தை அள்ளிக் கொட்டியதால் ஓவியர் அதைத் தனியே சுமக்க வேண்டியிருக்கவில்லை. இல்லாத விலங்கை இருப்பதுபோல் காட்டுவதே சித்ராவின் வேலையாக இருந்தது. சித்ரா 1978இல் மறைந்தார். தாசரியோ அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த அலுவலகத்தில் உழைத்தும், அந்தத் தொடர்கள் அவர் பெயரைத் தாங்காமலே வெளிவந்தன. ஓட்டங்களை எடுத்தவரின் பெயர் பலகையில் ஏறாத ஆட்டம் அது. படைப்பாளிக்கு இழைக்கப்பட்ட இந்தக் குறை சிறியதன்று.

சங்கர் அம்புலிமாமாவுக்கு வந்த ஆண்டுகளை ஒட்டி அமெரிக்காவில் நடந்த ஆட்டம் முற்றிலும் வேறு வகையானது. வில்லியம் கெய்ன்ஸ் நடத்திய ஈ.சி. நிறுவனம் 1950இல் 'டேல்ஸ் ஃப்ரம் த க்ரிப்ட்', 'த வால்ட் ஆஃப் ஹாரர்', 'த ஹான்ட் ஆஃப் ஃபியர்' என்னும் மூன்று திகில் காமிக்ஸ் இதழ்களைத் தொடங்கியது. ஆசிரியர் ஆல் ஃபெல்ட்ஸ்டீன் கதையை எழுத, அந்த எழுத்து முதலில் படத்தாளிலேயே பொறிக்கப்பட்டுவிடும். எஞ்சிய இடத்தில்தான் கிரஹாம் இங்கல்ஸ், ஜாக் டேவிஸ் போன்றோர் வரைய வேண்டும். அந்தக் குறுகிய இடத்துக்குள் அழுகிய உடலையும் நனைந்த துணியையும் இங்கல்ஸ் வரைந்த வன்மைக்கு ஈடில்லை. உச்சம் என்ற அளவுகோலில் அவரே முதல்வர். ஆனால் 1954 ஏப்ரலில் செனட் துணைக்குழு காமிக்ஸ் குறித்து விசாரணை நடத்தியது, அவ்வாண்டு இறுதிக்குள் பதிப்பாளர்களே காமிக்ஸ் நெறிமுறை ஒன்றை ஏற்படுத்தினர், அந்த இதழ்களும் நின்றன. ஐந்து ஆண்டுகூட நிறையவில்லை.

இரு ஆட்டங்களுக்கும் இடையிலான வேறுபாடு கதைசொல்லியிடத்தில் உள்ளது. ஈ.சி. இதழ்களில் கிழவியும் கல்லறைக் காவலனும் வாசகரை நேரே பார்த்துச் சிரித்தபடி கதை சொல்வார்கள். பிற்காலத்தில் தமிழில் வெளிவந்த கறுப்புக் கிழவியின் கதைகளும் இந்த மரபைச் சேர்ந்தவை. வேதாளமும் அவ்வாறே கதைசொல்லும் ஆவிதான். ஆயினும் அது வாசகரிடம் பேசுவதில்லை, மன்னனிடம் பேசுகிறது. சிரிப்பதோடு நில்லாமல் விடை கேட்கிறது. கதை முடிந்ததும் அஞ்சி நடுங்க வேண்டிய குழந்தை, மன்னனுக்கு முன்பாகத் தான் விடை கண்டுபிடித்துவிட வேண்டும் என்று முந்துகிறது. பெற்றோர் தடுக்காமல் தாமே வாங்கிக்கொடுத்த பேய்க்கதையாக அது நீடித்ததன் இரகசியம் இதுவே.

தமிழில் முழுமையான காமிக்ஸ் வடிவில் திகில் வந்தது சிவகாசியிலிருந்து. 1972இல் 'முத்து காமிக்ஸ்' முதல் இதழாக, முல்லை தங்கராசனை ஆசிரியராகக் கொண்டு, 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்டது. பிரிட்டனில் 1962 முதல் 'வேலியன்ட்' இதழில் வந்த இத்தொடரைக் கென் புல்மர் எழுதத் தொடங்கினார், வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஹெஸூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும் அந்தக் காட்சியில், மறைந்த உடல் எங்கே நிற்கிறது என்பதை அந்தக் கையின் கோணத்தாலும் விழும் நிழலாலும் மட்டுமே பிளாஸ்கோ உணர்த்துகிறார். சங்கர் எடையால் செய்ததை அவர் எடையின்மையால் செய்தார் என்று இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். மாயாவியைத் தன் வீட்டு ஆள் போலக் கொண்டாடிய தமிழ் வாசகருள் பெரும்பாலோர் பிளாஸ்கோ என்ற பெயரைப் பல ஆண்டுகள் அறியாதிருந்தனர்.

மேலே கண்ட செட்டிநாடும் அதன் சுற்றுப்புறமும் சிறுவர் இலக்கியத்துக்கும் மர்மக்கதைக்கும் இராயவரம் அழ. வள்ளியப்பாவையும் தேவகோட்டைத் தமிழ்வாணனையும் தந்தன. திகில் அவர்கள் துறையன்று. இந்தப் பகுதியின் பெரிய பங்களிப்பு பழைய இதழ்களைக் காத்ததில் இருக்கிறது. கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு உண்டு. பத்திரிகை ஓவியருக்கோ பழைய இதழ்தான் ஒரே கணக்கேடு, அது எடைக்குப் போய்விட்டால் ஆட்டமே நடவாததாகிவிடும். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, 1950 முதல் தமிழில் அச்சான நூல்களையும் இதழ்களையும் நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ் வரை பேதம் பாராமல் சேர்த்தார். உயர்ந்தது, தாழ்ந்தது என்று அவர் தரம் பிரிக்கவில்லை. 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிய, ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகளைக் கொண்ட அத்தொகுப்பே இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. வெகுமக்கள் அச்சின் வரலாற்றை எழுதப் புகுபவர் எவரும் பலகை எழுதிய அந்தக் கைக்குக் கடன்பட்டவரே.

சங்கரின் ஆட்டம் அம்புலிமாமாவில் ஏறத்தாழ 60 ஆண்டுகள் நீடித்தது. இதழ் நின்ற பின்னும் அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. தொண்ணூறு வயதை ஒட்டிய காலத்தில் 'ஸ்ரீ ராமகிருஷ்ண விஜயம்' இதழுக்கு வரைந்துகொண்டிருந்தார். 2020 செப்டம்பரில் அவர் காலமானார். 2021இல் பத்மஸ்ரீ விருது அவர் பெயருக்கு அறிவிக்கப்பட்டபோது அதைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை. அவர் வரைந்த மன்னன் மட்டும், அம்புலிமாமா எட்டாமலே விட்ட முடிவை நோக்கி, சுடுகாட்டில் காத்திருக்கும் துறவியிடம் சேர்க்க வேண்டிய பிணத்தோடு இன்னும் பாதிவழியில் இருக்கிறான்.