தாய்மையும் உம்மாவும்

எமது கவிதைகளில் 'தாய்மை' நிறையவே இருக்கிறது. உம்மாதான் குறைவாக இருக்கிறாள். மீலாத் மேடையிலிருந்து வானொலிக் கவியரங்கு வரை தாயைப் பாடாத கவிஞர் எம்மிடையே அரிது. அவளது காலடியில் சுவர்க்கம் உண்டு என்று தொடங்கும் கவிதைகளிற் பல அங்கேயே முடிந்தும் விடுகின்றன. அந்தக் கால்கள் விடியற்புறத்தில் கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் எத்தனை தடவை நடந்தன, இடுப்பிலிருந்த பிள்ளை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்பதெல்லாம் கவிதைக்குரிய விடயங்களாக எமக்குப் படவில்லை.

தமிழ் மரபு இதனை இவ்வளவு அற்பமாகக் கருதியதில்லை. புறநானூற்றின் 188ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடைநம்பி காட்டும் பிள்ளையின் பெருமை, அது சோற்றை அள்ளுவதும் சிந்துவதும் மேலெல்லாம் பூசிக்கொள்வதுமேயாகும். செல்வத்தையெல்லாம் அந்தச் சிந்திய சோற்றுக்குக் கீழே வைக்கிறான் அரசன். பெரியாழ்வார் யசோதையின் குரலை வாங்கிப் பாடினார். பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியையே பத்துப் பருவங்களாக வகுத்தது. தாலாட்டுவது, கை கொட்டச் செய்வது, முத்தம் கேட்பது, நிலாவை விளையாட அழைப்பது என வீட்டு முற்றத்துக் கணங்களே அதன் இலக்கணமாயின. எமது புலவர்களும் நாயகம் (ஸல்) அவர்கள் மீது பிள்ளைத்தமிழ் பாடினர். ஆயினும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏட்டிலேறிய இப்பாடல்களைப் பாடியவர்கள் ஆண்கள். சிந்திய சோற்றைக் கூட்டியள்ளியது யார் என்று பாண்டியன் சொல்லவில்லை. கூட்டியள்ளியவள் பாடிய தாலாட்டுக்கோ பெயருமில்லை, ஏடுமில்லை.

மார்க்க மரபைப் பார்த்தாலும் அன்றாடம் அங்கே அற்பமானதன்று. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அலிமா முலையூட்டியதற்கென்றே ஒரு படலம் வகுத்தார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, இப்னு இஸ்ஹாக்கின் ஸீறாவில் ஹலீமா தாமே பேசுகிறார். பஞ்ச காலம்; மார்பிலே பாலில்லை; பசித்த பிள்ளையின் அழுகையால் இரவெல்லாம் உறக்கமில்லை. நபிகளாரின் வரலாற்றுக்குள் ஓர் ஏழைத் தாயின் தூக்கமற்ற இரவு அவளது வாய்மொழியாகவே இடம்பிடித்திருக்கிறது. பிள்ளை அழும் சத்தம் கேட்டால், தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள் நபி (ஸல்) அவர்கள். பேத்தி உமாமாவைச் சுமந்தவாறே தொழுதார்கள். பள்ளிக்குள் இடம்பெற்ற அந்த அழுகைக்குக் கவிதைக்குள் இடமில்லை என்று சொல்ல நாம் யார்?

ஈழத்து முஸ்லிம் பெண் கவிதை வலுப்பெற்று வந்த காலத்தை எண்ணிப் பார்க்கலாம். சுல்பிகாவைத் தொடர்ந்து அனாரின் 'ஓவியம் வரையாத தூரிகை' (2004), 'எனக்குக் கவிதை முகம்' (2007), பஹீமா ஜஹானின் 'ஒரு கடல் நீரூற்றி' (2007) முதலியவை வந்தன. எமது விமர்சனம் இக்கவிதைகளில் ஒடுக்குமுறையையும் யுத்தத்தையும் பெண்ணுடலையும் தேடியது. தேடியதில் தவறில்லை, அது காலத்தின் தேவை. ஆனால் அத்துடன் ஓர் அளவுகோலும் சத்தமின்றி உருவாகிவிட்டது. எதிர்ப்புக் கவிதை பெரியது, பிள்ளையைக் குளிப்பாட்டும் கவிதை சிறியது என்பதே அது. ஒரு பெண் தன் துயரத்தை எழுதினால் விமர்சகர் நிமிர்ந்து உட்காருகிறார். தன் மகிழ்ச்சியை எழுதினால் 'குடும்பக் கவிதை' என்று பக்கத்தைப் புரட்டுகிறார். பெண்ணின் மகிழ்ச்சியை நம்ப மறுப்பதும் ஒருவகை ஒடுக்குமுறைதானே?

எமது மண்ணில் அன்றாடம் என்பது தானாகக் கிடைத்த ஒன்றன்று. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டபோது, பிள்ளைகள் உண்ட கோப்பைகளும் உறங்கிய தொட்டில்களும் அங்கேயே கிடந்தன. 2004 டிசம்பர் 26 காலையில் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கடல் வந்தது ஓர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள்தான். மத்திய கிழக்கில் வேறொருவரின் பிள்ளைக்குச் சோறூட்டியவாறு தன் பிள்ளை உண்டதா என்று நினைக்கும் உம்மாவுக்கு, மகளின் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிடும் ஐந்து நிமிடம் எட்டாத செல்வம். இவர்களின் பக்கமிருந்து பார்த்தால் அந்த ஐந்து நிமிடத்தை எழுதுவது அரசியலுக்கு வெளியே நிற்பதாகாது. இழக்கப்பட்டது எது என்பதற்கு அதுவே சாட்சியம்.

இதனால் இவ்வகைக் கவிதைகளுக்கெல்லாம் சலுகை மதிப்பெண் வழங்க வேண்டும் என்பதில்லை. இவற்றிலும் பெரும்பாலானவை 'மழலை', 'தேன்', 'அமுதம்' என்ற பழைய சொற்களில் வழுக்கி விழுந்துவிடுகின்றன. எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும் வரி எந்தப் பிள்ளையையும் காட்டாது. ஓதப்போகும் மகனின் தொப்பி கண்வரை இறங்கி நிற்பது, நண்பகலிலேயே முடிந்துவிட்ட தன் நோன்பை முழு நோன்பென்று அவன் சாதிப்பது, அதற்குத் தலையாட்டியவாறே உம்மா சோற்றுக் கோப்பையை நகர்த்தி வைப்பது: இத்தகைய ஒன்றைக் கண்டு எழுத வேண்டும். அவளது களைப்பையும் எரிச்சலையும் மறைக்காமல் எழுத வேண்டும். அலுப்பில்லாத உம்மா மீண்டும் 'தாய்மை'யாகிச் சிலையாகிவிடுவாள்.

பிள்ளையை இடுப்பில் தூக்கிய கடைசி நாள் எதுவென்று எந்த உம்மாவுக்கும் தெரியாது. இறக்கிவிட்ட பிள்ளை நடந்துபோய்விடுகிறது. அதைக் குறித்துவைக்க ஆட்சிப்பதிவோ வரலாற்று நூலோ இல்லை. கவிதை ஒன்றுதான் இருக்கிறது. பெயரில்லாத தாலாட்டுக்காரிகளின் பேத்திகள் இன்று தம் பெயரோடு எழுதுகிறார்கள். அவர்கள் இதனையும் எழுதட்டும். பக்கத்தைப் புரட்டாமல் வாசிக்க நாமும் பழகிக்கொள்வோம்.