காலித் தட்டை வைத்துக் கடையை எடை போடலாமா? பவளத் தொட்டியின் நைட்ரேட், பாஸ்பேட் கணக்கு

உப்புத்தண்ணீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் எழுதுவதைக் கொஞ்ச நாள் தொடர்ந்து படித்தால் ஒன்று தெரியும். பேச்சு பவளத்தில் ஆரம்பிக்கும். ரெண்டு பத்தி தாண்டுவதற்குள் எண்ணில் வந்து நிற்கும். நைட்ரேட் எவ்வளவு, பாஸ்பேட் எவ்வளவு? கம்மி என்றால் நல்ல தொட்டி. பூஜ்யம் என்றால் இன்னும் நல்ல தொட்டி. ரொம்ப காலமாக இந்தப் பொழுதுபோக்கில் ஓடிக்கொண்டிருக்கும் கொள்கை இதுதான்.

இந்தக் கொள்கை ஒரு அடிப்படைக் குழப்பத்தின் மேல் நிற்கிறது என்பது என் வாதம். இதற்கு எதிராகக் கிளம்பியிருக்கும் புதுக் கட்சியும் அதே குழப்பத்தை வேறு பக்கத்திலிருந்து செய்கிறது. விஷயம் வெறும் பொழுதுபோக்குச் சண்டை இல்லை. எண்ணைச் சரிசெய்யப் போய், தொட்டியில் உயிரோடு இருக்கும் பிராணியைப் பட்டினி போட்டுவிடலாம்.

ஒரு சின்னக் குறிப்பு. இந்தியாவில் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அதாவது புலி இருக்கும் அதே அட்டவணையில். அதனால் கீழே பேசுவது பெரும்பாலும் மேலைநாட்டு வீட்டுத் தொட்டிகளைப் பற்றித்தான்.

பூஜ்யம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கொள்கையில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. பவளத் திட்டுகளைச் சுற்றியுள்ள வெப்பமண்டலக் கடல்நீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் கரைந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகச் சொற்பம். வீட்டுத் தொட்டியில் நிலைமை தலைகீழ். மீனுக்குத் தீனி போடப் போட ரெண்டும் ஏறும், பின்னாலேயே பாசி முடி முடியாக வளர்ந்து பவளத்தை மூடும்.

ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவில் கின்ஸி, டேவிஸ் இருவரும் ஒரு சிறிய பவளத் திட்டுக்கு நைட்ரஜனும் பாஸ்பேட்டும் சேர்த்துப் பார்த்து 1979-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். திட்டின் சுண்ணாம்புப் படிவு பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. அவர்கள் வைத்த பாஸ்பேட் அளவு லிட்டருக்கு 2 மைக்ரோமோல். டெஸ்ட் கிட் கணக்கில் சுமார் 0.19 பிபிஎம். நிறைய வீட்டுத் தொட்டிகள் இதைச் சாதாரணமாகத் தாண்டும்.

ஆகவே, எடு, எடு, எல்லாவற்றையும் எடு என்று ஆனது. கழிவை நுரையாக்கி வெளியே தள்ளும் புரோட்டீன் ஸ்கிம்மர், பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு ஆக்சைடு துகள், பாக்டீரியாவைப் பெருக்க வோட்கா, வினிகர். ஆமாம், தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக வோட்கா ஊற்றுவது ஒரு அங்கீகரிக்கப்பட்ட முறைதான்.

வடைத் தட்டு

இனிதான் குழப்பம். ஒரு டீக்கடையில் வடைத் தட்டு காலியாக இருக்கிறது. இதற்கு ரெண்டு காரணம் இருக்கலாம். மாஸ்டர் வடையே போடவில்லை. அல்லது போடப் போட ஆட்கள் வாங்கிப் போய்விடுகிறார்கள். தட்டை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. முதல் கடை நொடித்துக்கொண்டிருக்கிறது, இரண்டாவது கொழிக்கிறது. தட்டு மட்டும் ஒரே மாதிரி காலி.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது லிட்டில் விதி. ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தது. வரிசையின் நீளம் என்பது வரும் வேகத்தையும், ஒருவர் சராசரியாக உள்ளே இருக்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. வரிசை நீளத்தை மட்டும் வைத்து எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. டெஸ்ட் கிட் காட்டுவது வரிசை நீளம். பவளம் வாழ்வது வரும் வேகத்தில்.

ஒரு கணக்கு போடுவோம். 1000 லிட்டர் தொட்டி. தினமும் 10 கிராம் உலர் தீனி. அதில் 45% புரதம், 1% பாஸ்பரஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரதத்தை 6.25-ஆல் வகுத்தால் நைட்ரஜன் சுமார் 0.72 கிராம். அது முழுக்க நைட்ரேட்டாக மாறினால் 3.2 பிபிஎம். பாஸ்பரஸ் 0.1 கிராம், பாஸ்பேட்டாக 0.3 பிபிஎம். இது ஒரு நாள் வரவு. கொஞ்சம் மீனின் உடம்பில் சேரும், கொஞ்சம் ஸ்கிம்மரில் போகும், அது வேறு விஷயம். ஆனால் கிட்டில் பாஸ்பேட் 0.03 என்று காட்டினால், தண்ணீரில் நிற்பது ஒரு நாள் வரவில் பத்தில் ஒரு பங்குதான். உள்ளே வரும் பாஸ்பேட் சராசரியாக இரண்டரை மணி நேரம்கூடத் தண்ணீரில் தங்குவதில்லை. பவளம், பாசி, பாக்டீரியா, கல், வடிகட்டி எல்லாம் பிடுங்கிக்கொள்கின்றன. 0.03 என்பது எல்லாரும் எடுத்தது போக மிச்சம். சாப்பாட்டின் அளவு அது அல்ல.

நிஜக் கடலிலும் இதே கதைதான். 1983-ல் மேயர், ஷுல்ட்ஸ், ஹெல்ஃப்மன் மூவரும் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கரீபியனின் செயின்ட் குரோய் தீவில் ஒரு வகை மீன் குஞ்சுகள் ராத்திரி கடல்புல் வெளியில் மேய்ந்துவிட்டு, பகல் முழுக்கப் பவளத்தின் மேல் கூட்டமாகத் தங்கும். அப்படி மீன் தங்கிய பவளங்கள், மீன் இல்லாதவற்றைவிட வேகமாக வளர்ந்தன. மீனின் கழிவு அப்படியே சாப்பாடு. சுற்றியிருக்கும் தண்ணீரை அள்ளிச் சோதித்தால் ஏழைக் கடல்தான்.

2023-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் யோர்க் வீடன்மன் குழு நேச்சர் இதழில் இன்னும் ஒரு படி போனது. பவளத்தின் உடம்புக்குள் வாழும் நுண்பாசி, தண்ணீரில் கரைந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் எடுத்துப் பெருகுகிறது. பெருகியதில் ஒரு பகுதியைப் பவளம் செரித்துச் சாப்பிடுகிறது. அதாவது பவளம் தன் உடம்புக்குள்ளேயே விவசாயம் பண்ணுகிறது, கரைந்த சத்து அதற்கு உரம். விவசாயியிடம் போய் உரம் பூஜ்யமாக இருக்கட்டும் என்றால் என்ன சொல்வார்?

பூஜ்யத்தின் விலை

இதே குழு 2013-ல் வேறொன்றைக் காட்டியிருந்தது. நைட்ரஜன் நிறைய இருந்து பாஸ்பேட் பற்றாமல் போனால், வெப்பத்திலும் வெளிச்சத்திலும் பவளம் வெளுத்துப்போகும் வாய்ப்பு கூடுகிறது. நுண்பாசி பெருக நைட்ரஜன் தூண்டுகிறது, அதற்கு வேண்டிய பாஸ்பரஸ் கிடைப்பதில்லை. 2017-ல் வந்த தொடர் ஆய்வு, பாஸ்பேட் பற்றாக்குறையே வெளுப்பைத் தூண்டக்கூடியது என்று இன்னும் தெளிவாக்கியது.

வீட்டுத் தொட்டியில் இந்தச் சமனின்மை எப்படி வருகிறது? கருவிகளால்தான். இரும்பு ஆக்சைடு துகள் பாஸ்பேட்டை மட்டும் பிடிக்கும். வோட்கா, வினிகர் வகையறா பாஸ்பேட்டைவிட நைட்ரேட்டை வேகமாக இறக்கும். ஒருவர் பாசியைப் பார்த்துப் பயந்து துகளை அள்ளிப் போட்டால் பாஸ்பேட் மட்டும் அடிமட்டத்துக்குப் போகும். இரண்டுமே பூஜ்யத்துக்குப் போன தொட்டிகளில் அடிக்கடி நடப்பது இன்னொரு கொடுமை. மற்ற பாசிகள் ஓய்ந்த இடத்தில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புக் கோழை வந்து உட்காரும். சுத்தமான தொட்டிக்குக் கிடைக்கும் பரிசு.

16:1 என்ற தாயத்து

இதெல்லாம் தெரிந்தவர்கள் அடுத்துப் பிடித்துக்கொள்வது ரெட்ஃபீல்டு விகிதத்தை. அமெரிக்கக் கடலியலாளர் ஆல்ஃப்ரெட் ரெட்ஃபீல்டு 1934-ல் கவனித்துச் சொன்னது. பின்னால் கரிமம் 106, நைட்ரஜன் 16, பாஸ்பரஸ் 1 என்று நிலைபெற்றது. இதை வைத்து நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 16-க்கு 1 என்று பிபிஎம்-ல் வைக்கப் பார்க்கிறார்கள்.

முதல் கோளாறு அலகு. 16:1 என்பது அணுக்களின் எண்ணிக்கை, எடை இல்லை. நைட்ரேட்டின் மூலக்கூறு எடை 62, பாஸ்பேட்டுக்கு 95. 16-ஐ 62-ஆல் பெருக்கி 95-ஆல் வகுத்தால் 10.4. கிட் காட்டும் எண்களில் ரெட்ஃபீல்டு விகிதம் 10.4:1 தான். இரண்டாவது, அது சராசரி மிதவை உயிரிகளின் உடல் அமைப்பையும் ஆழ்கடல் நீரையும் பற்றிய விகிதம். பவளத் தொட்டியில் சாப்பிட்டது போக மிஞ்சியதற்கு அந்த விகிதம் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தட்டில் ரெண்டு வடையும் ஒரு போண்டாவும் மிஞ்சியதை வைத்து ஊரின் ருசியைச் சொல்வது மாதிரி.

மூன்றாவது, அளவீடு. பரவலாகப் புழங்கும் ஹன்னா எச்ஐ736 பாஸ்பரஸ் மீட்டரின் துல்லியம், கூட்டிக் குறைத்து 5 பிபிபி, அதோடு வாசிப்பில் 5%. மீட்டர் 10 என்று காட்டினால் பாஸ்பேட் 0.031 பிபிஎம். பிழையைச் சேர்த்தால் நிஜம் 0.014-லிருந்து 0.048 வரை எங்கேயும் இருக்கலாம், மூன்று மடங்கு வித்தியாசம். இந்த எண்ணை வகுத்து விகிதம் எடுத்து, அதில் தசம ஸ்தானம் வேறு பார்ப்பதில் அர்த்தமில்லை.

எதிர்க்கட்சி

பூஜ்யக் கட்சிக்கு எதிராக எல்லாரும் காட்டும் உதாரணம் ரிச்சர்ட் ராஸ். சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் அக்வேரியத்தில் உயிரியலாளராக இருந்தவர். அவருடைய வீட்டுத் தொட்டியில் பாஸ்பேட் 1 பிபிஎம்-ஐத் தாண்டியும் பவளங்கள் செழித்தன, அதை அவரே எழுதினார். நல்ல எதிருதாரணம். பாஸ்பேட் ஏறினாலே சாவு என்ற பயத்தை அது உடைக்கிறது. ஆனால் அதிலிருந்து, அழுக்குத் தொட்டிதான் நல்லது என்று தாவுவது வேறு. செத்த தொட்டிகளின் சொந்தக்காரர்கள் கட்டுரை எழுதுவது குறைவு.

கடலில் நடந்த சோதனையும் நேர்க்கோடாக இல்லை. 1990-களில் அதே ஒன் ட்ரீ தீவில் என்கோர் என்ற பெரிய ஆய்வு நடந்தது. பாஸ்பரஸ் சேர்த்த இடங்களில் பவளம் வேகமாக நீண்டது. ஆனால் எலும்புக்கூட்டின் அடர்த்தி குறைந்து, எளிதில் உடையக்கூடியதாகிவிட்டது. வளர்ச்சியை ஸ்கேலால் அளப்பவர் சந்தோஷப்பட்டிருப்பார்.

புதுக் கட்சியின் இன்னொரு பழக்கம், மீனை அரைப்பட்டினியில் வைத்துக்கொண்டு பாட்டிலிலிருந்து நைட்ரேட் ஊற்றி எண்ணை 5-க்கு ஏற்றுவது. எண் சரி. ஆனால் மீன் தருவது முக்கியமாக அம்மோனியா. பவளம் அதை நைட்ரேட்டைவிடச் சுலபமாக எடுத்துக்கொள்ளும். கூடவே திடத் துணுக்குகளும் மிதக்கும். சோதனைக் குழாயில் ரெண்டும் ஒரே நிறமாகத் தெரியலாம், பவளத்துக்கு ரெண்டும் ஒன்றல்ல.

அப்ப எதைப் பார்ப்பது?

டெஸ்ட் கிட்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதைத் தனியாக நம்ப வேண்டாம் என்கிறேன். வரவை எழுதுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தீனி? போக்கை எழுதுங்கள். ஸ்கிம்மர் கோப்பை எத்தனை நாளில் நிறைகிறது, துகளை எப்போது மாற்றினீர்கள்? கண்ணாடியில் பாசி படிய எத்தனை நாள் ஆகிறது என்பதும் ஒரு அளவுதான், அதுவும் இலவசம். இவற்றோடு நைட்ரேட், பாஸ்பேட் எண்களை வாரக்கணக்கில் கோடாக வரைந்தால் அந்த எண்கள் பேச ஆரம்பிக்கும். ஒற்றை வாசிப்பு பேசாது.

எதை மாற்றினாலும் மெதுவாக மாற்றுங்கள். தொட்டியில் இருக்கும் சுண்ணாம்புக் கல்லே பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, தண்ணீரில் குறையும்போது திருப்பி விடும். அதனால்தான் இன்று துகளைப் போட்டு இறக்கிய எண் அடுத்த வாரம் பழைய இடத்துக்கு வருகிறது. அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் துகள் போடுகிறார்கள். கல் காலியாகும் நாளில் எண் திடீரென்று விழும். அதற்கப்புறம் பவளம் வெளுக்கும்.

பாசி வந்தால் முதலில் எடுக்க வேண்டியது பாசியைத்தான். கையால் பிடுங்கலாம், பாசி தின்னும் நத்தையும் மீனும் விடலாம். தீனியைக் குறைப்பது கடைசி வழி. நன்றாகத் தின்னும் மீன், வேகமாக வெளியேறும் கழிவு, நடுவில் மிச்சமாகக் கொஞ்சம் நைட்ரேட், பாஸ்பேட். பவளத் திட்டு ஓடுவது இப்படித்தான். மிச்சம் 0.03-ஆ, 0.08-ஆ என்பது அதற்கப்புறம் வரும் கேள்வி.