மைக்கை எங்கே வைப்பது?

கர்நாடகக் கச்சேரிப் பதிவு என்றால் இன்று ஆளுக்கொரு மைக். மிருதங்கத்துக்குப் பல இடங்களில் இரண்டு, வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனியாக. வீணையிலோ பிக்கப்பையே ஒட்டிவிடுகிறார்கள்.

இதில் லாபம் இல்லாமல் இல்லை. ஒரே மீட்டில் இழுத்து வாங்கும் ஸ்வரங்கள் பாதியில் தேய்ந்துவிடாமல் காதுக்கு எட்டுகின்றன. வயலின் அமுங்கிப்போயிருந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். முன்வரிசை இருமலும் அடங்கிவிடும்.

ஆனால் தொப்பியைக் கவனியுங்கள். ஒரு திசையில் கேட்கும் மைக்கை ஒலிக்கு மிக அருகில் கொண்டுபோனால் கீழ் அதிர்வெண்கள் தாமாகவே வீங்கும். ரவை அப்பிய தொப்பியின் கும்கி, வழுக்கி ஏறும் அந்த நாதம், பதிவில் வெறும் 'தும்' ஆகிவிடுகிறது. நாலடி தள்ளி உட்கார்ந்து கேட்கும் மிருதங்கம் இதுவல்ல. இரண்டு தோலும் மரக்கட்டையும் அறையும் சேர்ந்த ஒலி அது.

குரலுக்கு நேர்வது இன்னும் மோசம். தாரஸ்தாயியில் வாயை மைக்கிலிருந்து சற்று விலக்குவது அனுபவப்பட்ட பாடகரின் கணக்கு. அதைக் கம்ப்ரெஸர் கையில் எடுத்துக்கொண்டால், உச்சத்துக்கும் முணுமுணுப்புக்கும் இடையிலுள்ள தூரம் சுருங்குகிறது. ஆலாபனையில் அந்த தூரமும் சங்கீதம்தான். வறண்ட பதிவை ஈடுகட்டச் செயற்கை எதிரொலி வேறு. அளவு பிசகினால் பாடகர் கோயில் மண்டபத்திலும் கடம் குளியலறையிலும் இருப்பதுபோல் ஒலிக்கும்.

பழைய ஒற்றை மைக் பதிவுகளே உசத்தி என்று சிலர் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. அவற்றில் தம்புரா பெரும்பாலும் யூகம்தான். 1950-களில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தார் மேற்கத்திய வாத்தியக்குழுவுக்குக் கண்டுபிடித்த வழி எனக்கு ஏற்புடையது: நடத்துநர் தலைக்கு மேல் மூன்று மைக்குகளே அடிப்படை, அருகு மைக்குகள் துணைக்கு மட்டும்.

அதை நம் சபாவில் செய்ய முடியாததற்கு ஒலிப்பதிவாளரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மேடையிலேயே மானிட்டர் ஸ்பீக்கர்கள் முழங்குகின்றன. மைக்கைத் தள்ளி வைத்தால் அதில் விழுவது வாத்தியம் அல்ல, ஸ்பீக்கர். மிருதங்கக்காரர் தன் மானிட்டரை ஏற்றச் சொல்ல, வயலின்காரரும் கேட்க, கடைசியில் மைக் இன்னும் கிட்டே நகர்கிறது. ஒலிபெருக்கி இல்லாத சிறிய அரங்கக் கச்சேரிகளில் இந்தத் தொல்லை கிடையாது. நல்ல ஜோடி மைக் ஒன்றை எட்டடி தள்ளி நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம் அங்கேதான்.